வீட்டு ரூம்லயே கிட்டாரும் குரலும் ரெக்கார்ட் பண்றது: சொந்தப் பாட்டு பாடுறவங்களுக்கு

சொந்தமா பாட்டு எழுதி, கையில ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு மைக், ஒரு லேப்டாப், இவ்ளோதான் இருக்குன்னா இது உங்களுக்குத்தான். முதல்ல எல்லாரும் கேக்குற கேள்வி "எந்த மைக் வாங்கலாம்?" மைக்குக்கு அப்புறமா வருவோம், ஏன்னா என்னைப் பொறுத்தவரை மிக்ஸிங்ல (எடுத்த ட்ராக்குகளை சேத்து சமப்படுத்துறதுல) நாம கஷ்டப்படுற பாதி விஷயம் வாசிக்கும்போதே விரல்ல தீர்ந்திருக்க வேண்டியது, கிட்டார் குரலுக்கு இடம் விட்டு வாசிச்சா சாதாரண மைக்லயும் பாட்டு நிக்கும், இடம் விடலைன்னா லட்ச ரூபா மைக்கும் அந்த நெரிசலைத்தான் இன்னும் தெளிவாக் காட்டும். 1982 ஆரம்ப வாக்குல அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சில வாடகை வீட்டு பெட்ரூம்ல ரெண்டு ஷூர் எஸ்எம்57 மைக்கும் ஒரு நாலு ட்ராக் கேசட் மெஷினும் வச்சு பேண்டுக்குக் காட்டத்தான் டெமோ எடுத்தாரு, கடைசில அந்த கேசட்டே நெப்ராஸ்கா ஆல்பமா வெளிய வந்துச்சு. இன்னிக்கு ரெண்டு இன்புட் இருக்குற சின்ன இன்டர்ஃபேஸே (மைக்கை லேப்டாப்போட இணைக்கிற பெட்டி) அதைவிட சுத்தமா பதிவு பண்ணும்.

முதல் வேலை சுருதி. நிறைய பேரு ஜி கார்டு ஈஸியா வருதுன்னு ஜிலயே பாட்டைப் போட்டுட்டு சரணத்துல மேல போகும்போது கத்துறாங்க. கிட்டாரைக் கீழ வச்சுடுங்க. பாட்டுல இருக்குற ரொம்ப மேல போற வரியையும் ரொம்பக் கீழ இறங்குற வரியையும் மட்டும் சும்மா பாடிப் பாருங்க, ரெண்டும் வசதியா வர்ற இடம் எதுவோ அதான் உங்க சுருதி, அப்புறம் ட்யூனர் ஆப்ல ஸா எங்க நிக்குதுன்னு பாத்துக்கோங்க. 1 கட்டைன்னா சி, 2 கட்டை டி, 3 கட்டை இ, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி. அஞ்சரைக் கட்டைல பாடுற பொண்ணுன்னா கேப்போவை (கழுத்துல எல்லாக் கம்பியையும் அழுத்துற கிளிப்) முதல் ஃப்ரெட்ல போட்டு அதே ஜி ஷேப் வாசிக்கலாம். ஒன்றரைக் கட்டைல பாடுற பையன்னா சி ஷேப்புக்கு முதல் ஃப்ரெட், இல்ல ஏ ஷேப்புக்கு நாலாவது ஃப்ரெட், ரெண்டும் ஒரே சுருதிதான் ஆனா சவுண்டு வேற, ரெண்டையும் பாடி வாசிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ராகத்தோட சாயல்ல மெட்டு போடுறவங்க டி-ஏ-டி-ஜி-ஏ-டி ட்யூனிங்கை (தடிச்ச கம்பிலேருந்து மெல்லிசு வரைக்கும் இந்த வரிசை) கட்டாயம் ட்ரை பண்ணணும். அதுல ஓப்பன் ஸ்ட்ரிங் எல்லாம் ஸ ப ஸ ம ப ஸன்னு நிக்கும், காந்தாரமே கிடையாது, அதனால மேஜரா மைனரான்னு கிட்டார் முடிவு பண்ணாது, உங்க குரல்தான் முடிவு பண்ணும், கீழ ரெண்டு மூணு கம்பி தம்பூரா மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். ஒண்ணே ஒண்ணு கவனிக்கணும், மோகனம் மாதிரி மத்யமமே இல்லாத ராகம்னா அந்த ஓப்பன் ஜி கம்பி உறுத்தும், அப்ப மூணாவது கம்பியை மட்டும் அரை ஸ்வரம் இறக்கி எஃப் ஷார்ப்ல வைங்க, அது அந்தர காந்தாரம் ஆயிடும், ஸ ப ஸ க ப ஸன்னு சூப்பரா உக்காரும். கல்யாணிக்கும் இதே ட்யூனிங் ஓடும். கேப்போவை ரெண்டாவது ஃப்ரெட்ல போட்டா 3 கட்டை, அஞ்சாவதுல போட்டா 5 கட்டை.

இப்ப அந்த இடம் விடுற விஷயம். ஆறு கம்பியையும் சேத்து கீழ மேல கீழ மேலன்னு ஸ்ட்ரம் பண்ணிக்கிட்டே இருந்தா, ஆண் குரலோட அடி பாகம் ஏறக்குறைய 100லேருந்து 250 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கு, கிட்டாரோட தடிச்ச கம்பிகளும் அங்கதான் இருக்கு, ரெண்டும் முட்டிக்கும். பல்லவில குரல் கீழ இருக்கும்போது கட்டைவிரலால ஒரே ஒரு பேஸ் நோட்டு, மிச்சம் மூணு மெல்லிசு கம்பி மட்டும் பிளக் பண்ணுங்க. வரி முடிஞ்சு நீங்க மூச்சு எடுக்குற அந்த இடைவெளில கிட்டார் பேசட்டும், குரல் சங்கதி போடும்போது கிட்டார் ஒரே கார்டைப் புடிச்சுட்டு நிக்கட்டும். முழு ஸ்ட்ரம்மிங்கை குரல் மேல ஏறுற சரணத்துக்கு வச்சுக்கோங்க, அப்ப அது வரும்போதே பாட்டு பெருசாகும், தனியா டிரம்ஸ் எதுவும் தேவையே படாது.

கம்பி விஷயம் சுருக்கமா. ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் புதுசு மாத்துங்க, அன்னிக்கே மாத்தினா நீண்டுக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு டேக்குக்கும் சுருதி இறங்கும். பன்னெண்டாவது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கையும் (கம்பியை லேசா தொட்டு வர்ற சவுண்டு) அழுத்தி வாசிக்கிறதையும் ட்யூனர்ல ஒப்பிட்டுப் பாருங்க, அழுத்தினது கூடுதலா காட்டினா கழுத்துல மேல போகப் போக கார்டு அபஸ்வரமா கேக்கும், செட்டப் பண்ற ஆள்கிட்ட கொடுத்துடுங்க. சென்னை மாதிரி கடலோர ஊர்ல ஈரப்பதத்துக்கு மரம் ஊதி கம்பி உயரம் ஏறும், அதனால கிட்டாரை கேஸ் உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க, 45லேருந்து 55 சதவீதம் ஈரப்பதம்தான் கிட்டாருக்கு நல்லது.

ரூமுக்கு வருவோம். நம்ம வீட்டுல டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவரு, கை தட்டினா டிங்னு ஒரு சவுண்டு திரும்பி வரும் பாருங்க, அது மைக்ல நல்லாவே விழும். முட்டை அட்டை ஒட்டுறதை தயவுசெஞ்சு விட்டுடுங்க, கீழ் சவுண்டை அது உறிஞ்சவே உறிஞ்சாது, தீப்பிடிக்கிற ஆபத்து வேற. தடிமனான மெத்தையை சுவத்துல சாத்துங்க, தரையில ஜமுக்காளம், பின்னாடி துணி நிறைஞ்ச பீரோவோட கதவைத் திறந்து வைங்க. ரூம் மூலையிலயும் உக்காராதீங்க, சரியா நடுவுலயும் உக்காராதீங்க. ஃபேனை நிறுத்தணும், வேற வழியே இல்ல, வியர்த்தாலும் பரவால்ல. ஃபேன் ஓடுறப்ப எடுத்த டேக்கை நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு காப்பாத்தலாம்னு பாத்தா கிட்டார் நோட்டு மறையுற அந்த கடைசி வாலும் சேந்து போயிடும். ட்யூப் லைட்டோட ம்ம்ம்னு ஒரு இரைச்சல் இருக்கும், அதையும் அணைச்சுடுங்க, லேப்டாப் சார்ஜரைப் புடுங்கிட்டு பேட்டரில ஓட்டினா கரண்ட் ஹம் நிறைய தடவ அப்படியே காணாமப் போயிடும். பக்கத்து வீட்டு குக்கர் விசிலுக்கு மட்டும் நேரம் பாத்துதான் எடுக்கணும்.

மைக் வைக்கிற இடம், இதுக்கு அவசரமே படாதீங்க. சவுண்டு ஓட்டைலேருந்துதானே வருதுன்னு எல்லாரும் ஓட்டைக்கு நேரா வைப்பாங்க, அங்க காத்தோட அதிர்வு சுமார் 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல திரண்டு நிக்குது, ரெக்கார்ட் பண்ணினா பும் பும்னுதான் வரும். மைக்கை பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரா ஒரு அடி தள்ளி வச்சு, கழுத்தும் உடம்பும் சேருற இடத்தைப் பாக்குற மாதிரி லேசா திருப்புங்க. இப்ப மூடின டைப் ஹெட்ஃபோனைப் போட்டுக்கிட்டு ஒரே கார்டை வாசிச்சுக்கிட்டே நாற்காலியை நாலு விரக்கடை இப்படி அப்படி நகத்துங்க. ஓட்டைப் பக்கம் வந்தா கனம் ஏறும், தலைப் பக்கம் போனா விரல் கம்பில உரசுற கீச் சவுண்டு ஏறும், நடுவுல ஒரு இடத்துல ரெண்டும் அடங்கி மரத்தோட சவுண்டு மட்டும் கேக்கும். அந்த இடத்துல நாற்காலி காலுக்கும் மைக் ஸ்டாண்டுக்கும் தரையில டேப் ஒட்டிடுங்க, நாளைக்கு ஒரு வரி திருத்தி எடுக்கணும்னா அதே சவுண்டு வேணும்ல. ரொம்ப கிட்ட போகாதீங்க, ஒரு பக்கம் மட்டும் கேக்குற மைக் எல்லாமே கிட்ட போகப் போக கீழ் சவுண்டை தானா ஏத்தும்.

கண்டன்சர் மைக்னா (நுணுக்கமான சவுண்டையும் புடிக்கிற, கரண்ட் வேணுங்கிற மைக்) இன்டர்ஃபேஸ்ல 48 வோல்ட் பட்டனைப் போடணும், எஸ்எம்57 மாதிரி டைனமிக் மைக்குக்கு அது வேண்டாம். ரூம் எக்கோவும் தெரு சத்தமும் அதிகமா இருக்குற வீட்டுக்கு நான் டைனமிக்கைத்தான் சொல்லுவேன், அதைக் கண்டன்சரை விடக் கொஞ்சம் கிட்ட வச்சுத்தான் எடுக்கணும், கெயின் (இன்டர்ஃபேஸ்ல சத்தத்தை ஏத்துற அளவு) நிறைய கேக்கும், ஆனா ரூம் கம்மியாத்தான் விழும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்ல வச்சு, நீங்க ரொம்ப சத்தமா வாசிக்கிற இடத்துல மீட்டர் மைனஸ் 12லேருந்து மைனஸ் 10 டெசிபலுக்குள்ள (டிபி) நின்னா போதும், சிவப்பு பக்கம் போகவே வேண்டாம், 24 பிட்ல சின்னதா எடுத்தாலும் அப்புறமா ஏத்திக்கலாம், உடைஞ்ச சவுண்டை ஒட்ட வைக்க முடியாது. பஃபர் (லேப்டாப் சவுண்டை சேத்து வச்சு அனுப்புற அளவு) ரெக்கார்ட் எடுக்கும்போது 128, மிக்ஸ் பண்ணும்போது 1024. மாத்தி வச்சுட்டீங்கன்னா உங்க குரலே உங்களுக்கு லேட்டா கேட்டு தாளம் போயிடும்.

சேந்து பாடிக்கிட்டே வாசிக்கிறதா, தனித்தனியா எடுக்கிறதா? மெதுவா இழுத்துப் பாடுற பாட்டு, தாளம் குரலோட சேந்து ஏறி இறங்குதுன்னா சேந்தே எடுங்க, அந்த மூச்சு தனித்தனியா எடுத்தா வராது. இதுக்கு ரெண்டு மைக் வேணும், வாய்க்கு ஒண்ணு, கிட்டாருக்கு ஒண்ணு, கிட்டார் மைக் குரல்லேருந்து எவ்ளோ தள்ளி இருக்க முடியுமோ அவ்ளோ நல்லது, இல்லன்னா ரெண்டுலயும் ஒரே குரல் கொஞ்சம் நேரம் மாறி விழுந்து குரல் சன்னமா ஆயிடும். அப்புறம் இப்படி எடுத்தா குரலை மட்டும் தனியா திருத்த முடியாது, அதுக்குத் தயாராத்தான் உக்காரணும். தாளம் சீரா ஓடுற பாட்டுன்னா கிளிக் (மெட்ரோனோம் டிக் டிக்) போட்டு முதல்ல சும்மா வழிகாட்ட ஒரு கைட் ட்ராக் பாடி வச்சுக்கோங்க, அதைக் கேட்டுக்கிட்டே கிட்டாரை சுத்தமா எடுங்க, கடைசில குரல்.

கிட்டாரை அகலமா கேக்க வைக்கணும்னா அதே ட்ராக்கை காப்பி பண்ணி இடதும் வலதும் போடுறது வேலைக்கே ஆகாது, சத்தம்தான் கூடும், நடுவுலயேதான் நிக்கும். ரெண்டாவது தடவ நிஜமாவே வாசிக்கணும். ஒண்ணு ஜி ஷேப்ல வாசிச்சிருந்தா இன்னொண்ணு அஞ்சாவது ஃப்ரெட்ல கேப்போ போட்டு டி ஷேப்ல வாசிங்க, ஒரே கார்டுதான், ஆனா கம்பிகள் வேற உயரத்துல அதிரும், ரெண்டும் சேந்தா மணி மாதிரி விரியும். இதை சரணத்துக்கு மட்டும் வைங்க.

குரலுக்கு மைக்லேருந்து ஒரு ஜாண் தள்ளி, பாப் ஃபில்டர் (வாய்க் காத்தைத் தடுக்குற வலை) வச்சு, மைக்கை வாய்க்கு நேரா இல்லாம மூக்கு உயரத்துல வச்சு கொஞ்சம் கீழ பாக்குற மாதிரி திருப்புங்க, 'பப்'புன்னு அடிக்கிற காத்து கீழால போயிடும், 'ஸ'வோட விசிலும் குறையும். முழுப் பாட்டா மூணு டேக் பாடி நல்ல வரிகளைப் பொறுக்கி ஒட்டலாம், ஆனா ஒட்டுற இடம் மூச்சுல இருக்கணும், சங்கதி நடுவுல வெட்டவே கூடாது.

மிக்ஸ்ல குரலுக்கும் கிட்டாருக்கும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க. தடிச்ச ஆறாவது கம்பியை டிக்கு இறக்கின ட்யூனிங்னா கிட்டாருக்கு மட்டும் 60 ஹெர்ட்ஸ் போதும், ஏன்னா அந்தக் கம்பியே 73 ஹெர்ட்ஸ்லதான் இருக்கு. கிட்டார் பெட்டிக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருந்தா 200 பக்கத்துல ரெண்டு மூணு டிபி குறைங்க, வார்த்தை புரியலைன்னா குரலை ஏத்துறதுக்கு முன்னாடி கிட்டார்ல 3 கிலோஹெர்ட்ஸ் சுத்தி கொஞ்சம் இறக்கிப் பாருங்க. குரலுக்கு கம்ப்ரஷன் (சத்தமான இடத்தை அடக்கி சமமாக்குறது) 3க்கு 1, மீட்டர்ல நாலஞ்சு டிபிக்கு மேல குறையாம. ரிவெர்ப் (ரூம் எதிரொலி எஃபெக்ட்) ஒண்ணே ஒண்ணு போட்டு ரெண்டுக்கும் அதையே அனுப்புங்க, அப்பத்தான் ஒரே ரூம்ல உக்காந்து பாடுற மாதிரி இருக்கும்.

சத்தத்தை ஏத்திக்கிட்டே போகவும் வேண்டாம், ஸ்பாட்டிஃபைல சாதாரண செட்டிங்ல எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேக்குற சராசரி சத்தத்தோட அளவு) பக்கம் கொண்டு வந்துடுவாங்க, நீங்க நசுக்கி ஏத்தினது அங்க இறங்கிடும், நசுங்கினது மட்டும் மிஞ்சும். உச்சம் மைனஸ் 1 டிபில நிறுத்தி 24 பிட் வேவ் ஃபைலா எடுங்க. எடுத்ததை ஃபோன் ஸ்பீக்கர்ல போட்டு பக்கத்து ரூம்லேருந்து கேளுங்க, வரி புரியுதான்னு மட்டும் பாருங்க, புரியலைன்னா திரும்ப கிட்டார் ட்ராக்குக்குத்தான் போகணும்.