கிராம சபையில் ஊருக்காகப் பேசுவது எப்படி?

ஊர்ப் பிரச்சினையை டீக்கடையில் பேசாதவர் எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. அதே ஆட்களை கிராம சபைக்குக் கூப்பிட்டால், "அங்க போய் என்ன ஆகப்போகுது?" என்பார்கள். நான் தையல் கடை வைத்திருப்பவள், பத்தாவது வரை படித்தவள். எங்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால் தூர்ந்து போனதற்காக மகளிர் குழுவோடு சேர்ந்து வருடக்கணக்கில் அலைந்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் ஊரில் அது சுடுகாட்டுப் பாதையாகவோ பள்ளிக்கூடக் கழிப்பறையாகவோ இருக்கலாம். வழி ஏறக்குறைய இதேதான்.

தமிழ்நாட்டில் ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நாலு கூட்டம்தான், 2022-ல் ஆறாக்கினார்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்கள் உறுப்பினர். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை.

கூட்டத்துக்குப் போகும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். "வாய்க்காலைக் காணோம்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பேசச் சொல்வார்கள். அது எந்தப் புல எண்ணில் (சர்வே நம்பரில்) இருக்கிறது, ஊர் நிலங்களின் விவரம் எல்லாம் இருக்கும் அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா, புல வரைபடத்தில் எவ்வளவு அகலம் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் அ-பதிவேடு விவரத்தைப் பார்க்கலாம். செல்போனில் பார்க்கத் தெரியாவிட்டால் இ-சேவை மையத்துக்குப் போகலாம். அடுத்து, ஏரி யாருடையது என்று கேளுங்கள். ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீரில் பாசனமாகும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்து ஏரி. அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. இது தெரியாமல் மனுப் போட்டால், அது தங்கள் துறை சம்பந்தப்பட்டதல்ல என்று ஒரு பதில் வரும். அந்தப் பதிலுக்குள் ஒரு மழைக்காலம் போய்விடும்.

அப்புறம், இதுதான் பலரும் தாண்டிப் போகிற இடம்: உங்கள் கோரிக்கையால் யாருக்கு இடைஞ்சல் என்று பாருங்கள். எங்கள் வாய்க்கால் கரையில் இரண்டு குடிசைகள் இருந்தன. ஆக்கிரமிப்பு என்று சொன்னால் முதலில் போவது அந்தக் குடிசைகள்தான். வாய்க்காலை மறித்து வேலி போட்ட பெரிய தோப்பு கடைசிவரை நிற்கும். அதனால் கூட்டத்துக்கு முன்பே குடிசைக்காரர்களிடம் போய்ப் பேசினோம். அவர்களுக்கு மாற்று வீட்டுமனை தர வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்தோம். அவர்களும் எங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். ஏழையை எதிரியாக்கிவிட்டுப் பொதுநலம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

யார் பேசுவது? நன்றாகப் பேசுகிற ஆளைத் தேடாதீர்கள். பாதிக்கப்பட்டவர் பேசட்டும். எங்கள் பக்கம் கடைமடையில், அதாவது ஏரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், நிலம் வைத்திருக்கும் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். "எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராதும்மா" என்றார். "மேடையே கிடையாது பெரியப்பா, கடைசியா எப்ப நெல்லு போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் எழுந்து அதை மட்டும் சொன்னார். கூட்டத்தைக் கவனிக்கப் பற்றாளராக வந்திருந்த அதிகாரி அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து வருடத்தைத் திருப்பிக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கோரிக்கையை முன்கூட்டியே எழுதி, ஊராட்சி செயலரிடம் கொடுத்து, பொருள் நிரலில் (கூட்டத்தில் பேசப்போகும் விஷயங்களின் பட்டியலில்) சேர்க்கச் சொல்லுங்கள். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி: "எங்கள் ஊர் ஏரியின் வரத்து வாய்க்கால் (புல எண்ணைக் குறிக்கவும்) தூர்ந்தும் மறிக்கப்பட்டும் உள்ளதால் ஏரிக்குத் தண்ணீர் வருவதில்லை. வாய்க்காலை அளந்து எல்லைக் கல் நட்டு, அடுத்த மழைக்கு முன் தூர்வார வேண்டும் என்று கிராம சபை கோருகிறது." என்ன வேண்டும், எங்கே, எப்போதைக்குள் என்ற மூன்றும் இருந்தால் போதும். "ஆவன செய்ய வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதைப் போல வசதியான வார்த்தை அலுவலகத்துக்கு வேறு கிடையாது.

கூட்டத்துக்கு ஆள் சேருங்கள். மக்கள் தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருக்க வேண்டும். அது இல்லை என்றால் கூட்டமே செல்லாது என்று பின்னால் யாராவது கிளப்புவார்கள். பலரும் வந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உங்கள் ஆட்களைக் கடைசிவரை உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்பதுதான் விஷயம். "எழுதினதைக் கொஞ்சம் வாசிங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். வாசிக்கும்போது புல எண் விட்டுப் போயிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். குரலை உயர்த்தினால் கூட்டம் சண்டையில் முடியும், சண்டை முடிந்ததும் கூட்டத்தைக் கலைப்பது சுலபம். சிலர் அதற்காகவே வம்புக்கு இழுப்பார்கள்.

சரி, தீர்மானம் போட்டாயிற்று. அதை வைத்து எதுவரை போகலாம்? ஒடிசாவின் நியமகிரி மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட் வெட்டலாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டோங்கிரியா கோந்த் மக்கள் வாழும் அந்த மலையில் 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. அங்கே வன உரிமைச் சட்டம் துணை நின்றது. எல்லா ஊருக்கும் அந்தப் பலம் கிடையாது. காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் திட்டமிட்ட விமான நிலையத்துக்கு எதிராக, அதற்கு நிலம் கேட்கப்பட்ட ஏகனாபுரத்தின் கிராம சபை எத்தனையோ முறை தீர்மானம் போட்டும் அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. ஆகவே தீர்மானம் வந்ததும் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போகாதீர்கள்.

தீர்மான நகலை வாங்குங்கள். அதை இணைத்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் உங்கள் ஊர் வி.ஏ.ஓ. மேசைக்கே வரும், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் விளக்கம் தரத் தேவையில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். "எனது மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை தொடர்பான ஆவணங்களின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம்.

எங்கள் வாய்க்காலை அளந்து கல் நட்டுவிட்டார்கள். தூர்வாரியது பாதி தூரம்தான். தோப்பு வேலி இன்னும் அசையவில்லை. அடுத்து ஜமாபந்தியில் (வருடந்தோறும் தாலுகாவில் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையில்) அந்த வேலியை மட்டும் தனி மனுவாகக் கொடுக்கப் போகிறோம். நகல்கள் எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். எங்களுடைய ஒரு செட் குழுத் தலைவி வீட்டிலும் இன்னொன்று என் கடையில் துணி வெட்டும் மேசைக்குக் கீழேயும் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன்.