கரை ஒதுங்கிய டால்பின்: மீட்புக் குழு வரும்வரை செய்ய வேண்டியவை

உயிருள்ள டால்பின் கரையில் கிடப்பதைப் பார்த்தால், கூடும் கூட்டம் முதலில் செய்வது அதைக் கடலுக்குள் தள்ளுவதுதான். தள்ளாதீர்கள். தனியாக ஒதுங்கும் டால்பின் பெரும்பாலும் நோயுற்றோ காயப்பட்டோ இருக்கும். தள்ளிவிட்டால் மூழ்கிப்போகும், இல்லையென்றால் வேறோரிடத்தில் மறுபடி ஒதுங்கும். தண்ணீர் தாங்கிப் பழகிய உடல் அது. தரையில் அதன் சொந்த எடையே நுரையீரலையும் தசைகளையும் அழுத்துகிறது. சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெளியே தெம்பாகத் தெரிந்தாலும் உள்ளே இது நடந்துகொண்டிருக்கலாம்.

அந்தப் பகுதியின் கடல்வாழ் உயிரின மீட்புக் குழுவை உடனே அழையுங்கள். இடம், உத்தேச நீளம், அலை ஏறுகிறதா இறங்குகிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதைச் சொல்லுங்கள். தலை உச்சியில் உள்ள மூச்சுத்துளை திறந்து மூடுவது ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 2 முதல் 5 வரை இயல்பு. 10-ஐத் தாண்டினால் நிலைமை மோசம். இதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நேரத்தோடு குறித்து வைத்தால், வரும் மருத்துவருக்கு அதைவிட உதவும் தகவல் வேறில்லை.

பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் மெல்லக் குப்புறத் திருப்புங்கள். பக்கத் துடுப்புகளுக்குக் கீழே மணலைத் தோண்டி, அவை மடங்காமல் தொங்க இடம் கொடுங்கள். வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்கவே கூடாது, மூட்டு விலகிவிடும். வால் பக்கம் நிற்கவும் வேண்டாம். ஒரே வீச்சில் எலும்பை முறிக்கும்.

அடுத்த ஆபத்து சூடு. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புப் படலம் உடல் வெப்பத்தை வெளியே விடாது. அது வெளியேறும் முக்கிய வழி முதுகு, பக்க, வால் துடுப்புகள். ஆகவே தண்ணீரை அங்கே அதிகம் ஊற்றுங்கள். ஈரமான பருத்தித் துணியால் உடலைப் போர்த்தலாம், மூச்சுத்துளையையும் கண்களையும் விட்டுவிட்டு. மேலே நிழல் கட்டுங்கள். தோலில் எண்ணெய், சன்ஸ்கிரீன் எதுவும் தடவாதீர்கள். குளிர்காற்று வீசும் இடமென்றால் ஓயாமல் தண்ணீர் ஊற்றுவதும் கெடுதல்தான். தோல் உலராத அளவு ஈரம் போதும்.

மூச்சுத்துளைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. அது நேராக நுரையீரலுக்குப் போகும். வாயில் தண்ணீர் ஊற்றுவது பலர் இரக்கப்பட்டுச் செய்யும் தவறு. டால்பினுக்கு வேண்டிய நீர் பெருமளவு அது தின்னும் மீனிலிருந்தே கிடைக்கிறது.

கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். புரூசெல்லா போன்ற கிருமிகள் மனிதருக்கும் தொற்றக்கூடும் என்பதால் அது விடும் மூச்சுக்கு நேரே முகத்தைக் காட்டாதீர்கள். நாய்களையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் தள்ளி நிறுத்துங்கள். தடவிக் கொடுப்பது அதற்கு ஆறுதல் அல்ல, அச்சம்.

குட்டியாக இருந்தால் தனியே கடலில் விடுவதில் பயனில்லை. தாய்ப்பால் இல்லாமல் பிழைக்காது. கூட்டமாக ஒதுங்கினால் ஒவ்வொன்றாக விடக் கூடாது. கரையில் துணை கிடக்கும்போது விடப்பட்டது திரும்பி வந்துவிடும்.

இறந்துபோனாலும் புதைத்துவிடாதீர்கள், இறப்புக்கான காரணம் பிரேதப் பரிசோதனையில் தெரியவரலாம். முதுகுத் துடுப்பை இருபுறமும் படமெடுங்கள்; அதன் விளிம்பில் உள்ள வெட்டுகளை வைத்துத் தனி டால்பினை அடையாளம் காணலாம். நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் நடுவிலுள்ள பிளவு வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும், உடல் வளைவை ஒட்டி அல்ல.