ஆர்எக்ஸ் 100: ஆயில் பம்ப்பை வைத்துக்கொள்வதா, பெட்ரோலில் கலப்பதா?

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை வாங்கிப் பாருங்கள். தனி டேங்கிலிருந்து இன்ஜினுக்கு ஆயிலை அனுப்பும் பம்ப் உள்ள டூ ஸ்ட்ரோக் பைக் அது. முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அந்த ஆயில் பம்ப்பைக் கழற்றிப் போட்டுட்டு பெட்ரோல்லயே கலந்து ஊத்துங்க. அது எப்ப காலை வாரும்னு சொல்ல முடியாது." மெக்கானிக்குகளிலும் பலர் இதே கட்சிதான். எனக்கு உடன்பாடில்லை. ஒழுங்காக ஓடும் பம்ப்பைக் கழற்றத் தேவையில்லை. ஆனால், ஓடுகிறதா என்று பார்க்காமல் நம்பிவிடவும் கூடாது. எப்படிப் பார்ப்பது, கலப்பதென்றால் எப்படிக் கலப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஆயில் ஏன் பெட்ரோலோடு போக வேண்டும்?

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் அடியில் தங்கிச் சுற்றிச்சுற்றி வரும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸுக்குள் (இன்ஜினின் அடிப்பெட்டி) நுழைந்து, அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறுகின்றன. அதனால் அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோலோடு உள்ளே போய், பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு எரிந்து வெளியேற வேண்டியதுதான். பழைய சேட்டக், டிவிஎஸ் 50, ராஜ்தூத் 175 போன்றவற்றில் நாமே டேங்கில் கலந்துவிடுகிறோம். யமஹா 1964-இல் ஒய்ஏ-6 வண்டியில் 'ஆட்டோலூப்' என்ற பெயரில் தனி ஆயில் டேங்கையும் பம்ப்பையும் கொண்டுவந்தது. ஆர்எக்ஸ் 100-இல் இருப்பதும் அந்த வழிதான்.

கலந்து ஊற்றினால் ஐடிலிங்கிலும் முழு ஆக்சிலரேட்டரிலும் ஒரே விகிதம்தான். பம்ப்போ இன்ஜின் வேகத்தையும் ஆக்சிலரேட்டர் கேபிளையும் பார்த்து அளவை மாற்றும். சிக்னலில் நிற்கும்போது குறைவாகவும், முறுக்கும்போது அதிகமாகவும் கொடுக்கும். புகை குறைவு, பிளக்கில் கரி குறைவு.

மலையிறக்கத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்சிலரேட்டரை மூடி, கியரிலேயே இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் உள்ளே பெட்ரோல் மிகக் குறைவாகத்தான் போகிறது. கலந்து ஊற்றிய வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். பம்ப் உள்ள வண்டியில் கிராங்க் சுற்றும்வரை கொஞ்சமாவது ஆயில் வந்துகொண்டிருக்கும். கலவை ஊற்றி ஓட்டுபவர்கள் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள்.

படி 1: பம்ப் ஆயில் எடுக்கிறதா?

ஆயில் டேங்கை நிரப்பி, மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலந்து, பாதுகாப்போடு ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். மட்டம் இறங்கவே இல்லையென்றால் பம்ப் வேலை செய்யவில்லை, அல்லது ஆயில் பம்ப்புக்கு வந்து சேரவில்லை. பின்னதற்கு டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருப்பதே போதும்.

புகை அதிகமென்றால் உடனே பம்ப்பைத் திட்டாதீர்கள். கியர் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் (ரப்பர் அடைப்பு) போய்விட்டது, இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. இந்தக் குற்றத்துக்காகக் கழற்றப்பட்ட நல்ல பம்ப்புகள் நிறைய. கியர் ஆயில் சரியாக இருந்து, இரவு நிறுத்திக் காலையில் கிக்கரை மிதித்ததும் மட்டும் புகைமண்டலம் வந்தால், பம்ப்பின் வால்வ் கசிந்து ஆயில் கிராங்க் கேஸில் இறங்கியிருக்கலாம்.

படி 2: கேபிள்

பம்ப் மூடியைக் கழற்றுங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் வழியில் இரண்டாகப் பிரிந்து ஒன்று கார்பரேட்டருக்கும் மற்றது பம்ப்புக்கும் வரும். மெதுவாக முறுக்கினால் பம்ப்பின் சிறு கப்பியும் கூடவே திரும்ப வேண்டும். கப்பியில் உள்ள குறி எந்த நிலையில் எதற்கு நேராக நிற்க வேண்டும் என்பதை சர்வீஸ் மேனுவலைப் பார்த்தே அட்ஜஸ்ட் செய்யுங்கள், கண்ணளவில் வேண்டாம். ஆக்சிலரேட்டர் கேபிளை மாற்றும்போதெல்லாம் இதைப் பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

படி 3: காற்று எடுப்பது

ஆயில் ஒருமுறை முழுதும் தீர்ந்துபோயிருந்தாலோ, டியூபைக் கழற்றி மாட்டியிருந்தாலோ உள்ளே காற்று புகுந்திருக்கும். குமிழி இருந்தால் ஆயில் வராது, பிஸ்டன் சீஸ் ஆகிவிடும், அதாவது சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோலில் அதே 20 மில்லி கணக்கில் ஆயில் கலந்திருக்கட்டும். பம்ப்பில் வாஷரோடு ஒரு சிறிய ஏர் ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தினால் ஆயில் குமிழியோடு வழியும். குமிழி நின்று ஆயில் மட்டும் வரும்வரை விட்டு, வாஷர் போட்டு இறுக்குங்கள். அடுத்து வண்டியை ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டு, பம்ப் கேபிளை மட்டும் கையால் முழுதும் இழுத்துப் பிடியுங்கள். இன்ஜினுக்குப் போகும் மெல்லிய டியூபிலுள்ள காற்றும் போய்விடும். அப்போது தெருவே புகையாகும், பக்கத்து வீட்டில் துணி காய்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இதற்குப் பிறகு பெட்ரோலில் கலக்க வேண்டாம். "இரண்டும் இருக்கட்டும், பாதுகாப்பு" என்று தொடர்ந்தால் பிளக் அடிக்கடி கரி பிடிக்கும்.

கலப்பதென்றால்

பம்ப் தேய்ந்துவிட்டது, நல்லதாக ஒன்று கிடைக்கவில்லை என்றால் கலக்கலாம், தவறில்லை. சேட்டக்குக்கு 2 சதவீதம், அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பம்ப் எடுத்த ஆர்எக்ஸுக்கு நான் 30 மில்லி சொல்வேன். 5 லிட்டருக்கு 150. புதிதாக சிலிண்டர் போர் போட்ட இன்ஜினுக்கு ரன்னிங்-இன் (மெதுவாக ஓட்டிப் பழக்கும் காலம்) முடியும்வரை 40. அதற்கு மேல் ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்பது தப்புக்கணக்கு. ஆயில் கூடக்கூட உள்ளே போகும் பெட்ரோல் குறைகிறது, சூடு ஏறுகிறது. ஓட்டிப் பார்த்து பிளக்கைக் கழற்றுங்கள். காப்பிப்பொடி நிறம் சரி. வெளுத்திருந்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்ட வேண்டும்.

பங்க்கில் முதலில் ஆயில், அதன்மேல் பெட்ரோல். விழுகிற வேகத்திலேயே கலந்துவிடும். வாங்கும் 2டி ஆயிலில் 'ஜாசோ எஃப்சி' என்ற தரக்குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லூஸ் ஆயில் வேண்டாம், ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான 20டபிள்யூ40 வேண்டவே வேண்டாம். வண்டி சில நாள் நிற்கப்போகிறதென்றால் பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். இல்லையேல் கார்பரேட்டரில் பெட்ரோல் ஆவியாகி ஆயில் மட்டும் தங்கும், கால் வலிக்க உதைக்க வேண்டியிருக்கும்.

பம்ப்பைக் கழற்றிய இடத்தை கேஸ்கெட்டோடு தகடு வைத்து மூடுங்கள். இன்ஜினுக்கு ஆயில் போன துளையையும் அடையுங்கள். அது திறந்திருந்தால் வெளிக்காற்றை இழுத்து பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் சீஸ் ஆகும். கடைசியாக, டேங்க் மூடிக்குப் பக்கத்தில் "லிட்டருக்கு 30 மில்லி 2டி" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் இரவல் வாங்கிப்போகும் மச்சான் வெறும் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு வந்து நிற்பார்.