தண்ணீரின் கலங்கலை ஒளியால் அளக்கலாம்: வீட்டிலேயே ஓர் உணரி

ஆற்றுத் தண்ணீரைப் பார்த்து "கலங்கலாக இருக்கிறது" என்று யாரும் சொல்லிவிடலாம். நேற்றைவிட இன்று எவ்வளவு கூடுதல் என்று கேட்டால் கண் கைவிட்டுவிடும். அதை எண்ணாகச் சொல்லும் எளிய கருவியைச் செய்து பார்ப்போம்.

நீரில் மிதக்கும் வண்டல், பாசி போன்ற துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். ஒளி போகும் பாதைக்கு 90 டிகிரி பக்கவாட்டில் அந்தச் சிதறலை அளக்க வேண்டும். ஐஎஸ்ஓ 7027 என்ற சர்வதேசத் தரநிலை இதற்கு 860 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது; நீரில் சாயம் கலந்திருந்தாலும் அளவு பெரிதாகப் பிசகாது.

தேவையானவை: ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை), 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி (860க்கு நெருக்கமானது), போட்டோடிரான்சிஸ்டர் (ஒளியை உணரும் பாகம்), 220 ஓம் மற்றும் 1 லட்சம் ஓம் மின்தடைகள், வழுவழுப்பான சிறு கண்ணாடிக் குப்பி, மூடியுள்ள அட்டைப் பெட்டி.

1. இருட்டறை. முதலில் பெட்டி. உள்பக்கம் முழுவதும் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசுங்கள். நடுவில் குப்பி அசையாமல் நிற்க வேண்டும். ஒரு சுவரில் எல்இடிக்கும், அதற்குச் செங்குத்தான அடுத்த சுவரில் போட்டோடிரான்சிஸ்டருக்கும் ஒரே உயரத்தில் துளை இடுங்கள். மூடி சரியாக மூடாவிட்டால் நீங்கள் அளப்பது ஜன்னல் வெளிச்சத்தைத்தான். பொறுமை முழுவதையும் இங்கே செலவிடுங்கள்.

2. இணைப்பு. எல்இடியின் நீளமான காலை 220 ஓம் வழியாக ஆர்டுயினோவின் 9ஆம் பின்னிலும் (இணைப்பு முனை), மற்றதைத் தரை (GND) முனையிலும் இணையுங்கள். போட்டோடிரான்சிஸ்டரின் கலெக்டரை 5 வோல்ட்டிலும், எமிட்டரை ஏ0 பின்னிலும் இணைத்து, அங்கிருந்து 1 லட்சம் ஓம் வழியாகத் தரைக்குக் கொண்டுபோங்கள்.

3. நிரல். எல்இடி அணைந்திருக்கும்போது 20 முறை, எரியும்போது 20 முறை அளந்து, இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தை எடுங்கள். கசிந்து வந்த வெளிச்சம் இதில் கழிந்துவிடும். ஆர்டுயினோ 0 முதல் 1023 வரை எண் தரும். 1023லேயே நின்றால் மின்தடையின் மதிப்பைக் குறையுங்கள்.

4. அளவீடு. காய்ச்சி வடித்த நீரின் அளவைத் தொடக்கப் புள்ளியாகக் குறியுங்கள். ஆய்வகங்களில் ஃபார்மசின் என்ற நுண்துகள் கலவையைக் கொண்டு, கலங்கலின் அலகான என்டியூவுக்குக் கருவியைச் சரிசெய்வார்கள். அதன் தயாரிப்பில் நச்சான ஹைட்ரசின் சல்பேட் சேர்வதால் வீட்டில் முயல வேண்டாம். ஒரு லிட்டர் நீரில் சில துளி பால் விட்டு, பாதி பாதியாக நீர்க்கச் செய்யுங்கள். எண்ணும் படிப்படியாக இறங்கினால் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது. என்டியூ அளவு கிடைக்காது, ஆனால் ஒப்பிட இது போதும்.

ஒவ்வொரு முறையும் குப்பியின் விரல் தடத்தைத் துடையுங்கள், காற்றுக் குமிழ்கள் அடங்கும்வரை காத்திருங்கள். இரண்டுமே எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும். மிகவும் சேறான நீரில் சிதறிய ஒளி வெளிவர முடியாமல் எண் இறங்கவும் கூடும். அப்போது நீர்க்கச் செய்து அளந்து பாருங்கள்.

இந்திய குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500 கலங்கலுக்கு 1 என்டியூவை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாதபோது 5 என்டியூவை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. ஆனால் கரைந்த உப்பு ஒளியைச் சிதறடிப்பதில்லை. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் சேர்த்த பெரும் கேடே உப்புதான். அந்த நீர் தெளிவாகத் தெரியலாம்; அதிலுள்ள உப்பு இந்தக் கருவிக்குச் சிக்காது. அந்தக் கரையில் அளப்பவர்கள் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.