நிற்க முடியாத முதியவரின் உயரமும் எடையும்: தையல் டேப் போதும்

கூன் விழுந்தவரையும் படுக்கையில் இருப்பவரையும் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்க்க முடியாது. பழைய மருத்துவச் சீட்டில் உள்ள உயரத்தையும் நம்ப வேண்டாம். வயதாக ஆக முதுகெலும்பு குறுகிவிடும். கால் எலும்புகள் அப்படிக் குறுகுவதில்லை. அதனால் முழங்கால் உயரத்தை அளந்து கணக்குப் போடுகிறோம்.

தையல் டேப், கெட்டி அட்டைப் புத்தகம் இரண்டு, பேனா. உதவிக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

முதலில் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, இடது முழங்காலை 'ட' எழுத்தைப் போலச் செங்கோணமாக மடக்குங்கள். கணுக்காலும் அப்படியே இருக்கட்டும். ஒரு புத்தகத்தை உள்ளங்காலில் ஒட்டிப் பிடியுங்கள். மற்றதை முழங்கால் சிப்பிக்குச் சற்று மேலே, தொடையில் படும்படி வையுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். சாய்ந்தால் அளவு கெட்டுவிடும். இடைப்பட்ட தூரத்தைக் காலின் வெளிப்பக்கமாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறையும் அளந்து பாருங்கள்.

அப்புறம் கணக்கு. 1985இல் அமெரிக்காவில் சம்லி குழுவினர் தந்த சூத்திரம் இது (அளவுகள் சென்டிமீட்டரில்):

பெண்: 84.88 − (0.24 × வயது) + (1.83 × முழங்கால் உயரம்)
ஆண்: 64.19 − (0.04 × வயது) + (2.02 × முழங்கால் உயரம்)

75 வயதுப் பாட்டிக்கு 46 செ.மீ. வந்தால், 84.88 − 18 + 84.18. அதாவது சுமார் 151 செ.மீ. இது அமெரிக்க வெள்ளையர்களை அளந்து உருவான சூத்திரம் என்பதால், நம்மவர்களுக்குச் சற்று முன்பின்னாக இருக்கலாம்.

எடைக்கு மேல் கையின் சுற்றளவு. முழங்கையை மடக்கி, தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தளர்வாக நீட்டச் சொல்லி, புள்ளியைச் சுற்றி அளங்கள். டேப் தோலைத் தொடலாம், அமுக்கக் கூடாது. இதிலிருந்து கிலோ கணக்கு கிடைக்காது. ஆனால் ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டறியும் பிரிட்டனின் 'மஸ்ட்' பரிசோதனை முறைப்படி, 23.5 செ.மீ.க்குக் கீழே வந்தால் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்) 20க்கும் குறைவாக இருக்க, அதாவது எடை போதாமல் இருக்க, வாய்ப்பு அதிகம்.

என்னைக் கேட்டால், ஒரு நாள் அளவைவிட மாதாமாதம் அதே கையில் எடுக்கும் அளவுதான் பயன்படும். சுற்றளவு 10 சதவீதம் குறைந்தால் எடையும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கியிருக்கும், மருத்துவரிடம் காட்டுங்கள். கெண்டைக்கால் சுற்றளவு 31 செ.மீ.க்குக் குறைந்தாலும் அப்படித்தான். ஆனால் காலில் நீர் கோர்த்திருந்தால் அந்த எண் பெரிதாகக் காட்டி ஏமாற்றும். அப்போது கை அளவை மட்டும் பாருங்கள்.