850 சொற்களோடு ஆங்கிலம் பேசத் தொடங்குவது எப்படி?

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆங்கிலம் பெருகிவிடும். பாரிசிலிருந்து வந்த மச்சாளின் மகனுக்குப் பிரெஞ்சுதான் சரளம். ஒஸ்லோவிலிருந்து வந்த பெறாமகளுக்கு நோர்வே மொழி. தமிழ் தடுமாறும் இடத்தில் இருவரும் ஆங்கிலத்தைத்தான் பிடிக்கிறார்கள். அது அங்கே யாருக்கும் தாய்மொழி அல்ல. பிறகு எதற்கு லண்டன் உச்சரிப்பும் அலங்காரச் சொற்களும்? இரு தரப்புக்கும் விளங்கினால் போதும்.

இதற்கு வாய்ப்பான பட்டியல் ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் அறிஞர் சி. கே. ஒக்டன் 1930இல் வெளியிட்ட ‘பேசிக் இங்கிலிஷ்’. பெயர்ச்சொற்கள் 600, பண்புச்சொற்கள் 150, மிச்சம் 100இல் வினைகளும் இணைப்புச் சொற்களும். பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

முதற்படி: வினைகள்

மொத்தம் 18 தான்: கம், கெற், கிவ், கோ, கீப், லெற், மேக், புற், சீம், ரேக், பீ, டூ, ஹாவ், சே, சீ, சென்ட், மே, வில். இவற்றின் இறந்தகால வடிவங்களையும் கூடவே பாடமாக்குங்கள். கோ என்றால் வென்ற், கிவ் என்றால் கேவ். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

இரண்டாம் படி: திசை சேர்த்தல்

வித்தை முழுவதும் இங்கேதான். சிறிய வினையோடு உள்ளே, வெளியே, மேலே, கீழே என்று ஒரு திசைச்சொல்லை ஒட்டினால் பெரிய வினை தேவையில்லை. கோட்டைக்குள் நுழைவது கோ இன். குறிகட்டுவானில் படகு ஏறுவது கெற் ஓன், நயினாதீவில் இறங்குவது கெற் ஓஃப், மாலையில் திரும்புவது கம் பாக். பையிலிருந்து ஒன்றை எடுப்பது ரேக் அவுற். நீங்களே பத்து வினைகளை எழுதி இப்படி மாற்றிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘புற் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது. அதிலுள்ள மூன்று சொற்களையும் தனித்தனியே அறிந்தவருக்கும் அந்தப் பொருள் பிடிபடாது. ஒக்டனின் முறைமீது வைக்கப்படும் நியாயமான குறையும் இதுதான்: சொற்கள் குறைவு, ஆனால் சேர்க்கைகளைத் தனியே கற்கவேண்டும். ஆகவே கையால் காட்டக்கூடிய திசை தெரிகிற சேர்க்கைகளை மட்டும் முதலில் எடுங்கள்.

மூன்றாம் படி: வரிசை

‘கடைக்குப் போகிறேன்’ என்பதில் ‘நான்’ ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது வெளியே வந்தாகவேண்டும்: யார், என்ன செய்கிறார், எங்கே. ஐ கோ ரு த ஷொப். வாக்கியத்துக்கு ஒரு கருத்து, அதற்குமேல் ஏற்றாதீர்கள்.

நான்காம் படி: சொல் இல்லாவிட்டால் விவரியுங்கள்

ஒடியற்கூழுக்கு ஆங்கிலப் பெயர் தேடி அலைய வேண்டாம். ‘இற் இஸ் அ சூப். வீ மேக் இற் வித் ஃபிஷ் அன்ட் த பவுடர் ஒஃப் அ ட்ரீ ரூற்.’ அதாவது, இது ஒரு சூப். மீனும் ஒரு மரக்கிழங்கின் மாவும் சேர்த்துச் செய்கிறோம். பனங்கிழங்கை ‘ரூற்’ என்றதற்குத் தாவரவியல் ஆசிரியர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், விருந்தாளி கூழைக் குடித்துவிடுவார். என்ன வகை, எதனால் ஆனது, எதற்குப் பயன்படுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொன்னால் எந்தப் பொருளையும் விளக்கலாம்.

ஐந்தாம் படி: உங்கள் தொழிலுக்கான சொற்கள்

துறைக்கேற்ற மேலதிகச் சொற்களுக்கு ஒக்டனே இடம் விட்டிருந்தார். ஓட்டோ ஓட்டுபவருக்கும் விருந்தினர் விடுதி நடத்துபவருக்கும் ஒரே சொற்கள் தேவைப்படாது. ஓர் ஐம்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ‘ஈற்’, ‘பை’, ‘வோன்ற்’ போன்ற வினைகள் அந்தப் பதினெட்டில் இல்லை. சாப்பிடவும் வாங்கவும் விரும்பவும் தடைபோடும் பட்டியலுக்கு நான் கட்டுப்படமாட்டேன். நீங்களும் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: கேட்டல்

அமெரிக்காவின் குரல் வானொலி 1959இல் ‘ஸ்பெஷல் இங்கிலிஷ்’ ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏறத்தாழ 1,500 சொற்கள், குறுகிய வாக்கியங்கள், வழக்கத்தைவிட மெதுவான வாசிப்பு. ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பிறகு வாசிப்பவரோடு சேர்ந்து சொல்லுங்கள். வாசிப்புக்கு எளிய ஆங்கில விக்கிப்பீடியா இருக்கிறது.

அடுத்து யாரிடமாவது பேசிவிடுங்கள். எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசினால் தலையாட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ‘பிளீஸ் சே இற் அகெய்ன், ஸ்லோலி’ என்று கேளுங்கள்.