பழைய டிஎஸ்எல்ஆரா, பாக்கெட் கேமராவா? வீட்டிலேயே சோதிப்பது எப்படி (நான் இரண்டு முறை சொதப்பிய பிறகு எழுதுவது)

அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்த கையோடு கேட்டாள், "மாமா, சும்மா தூங்குற கேமராவுல ஒண்ணு எனக்குக் குடுங்களேன்." அலமாரியில் இரண்டு தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்று நிக்கான் டி90, லென்ஸை மாற்றிப் போடக்கூடிய பெரிய டிஎஸ்எல்ஆர். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்டில் திறந்தார்களே, அந்த மாதம் வாங்கியது, அதில் எடுத்த முதல் படமே வள்ளுவர்தான், தலை பாதி வெட்டுப்பட்டிருக்கும். இன்னொன்று சோனி ஆர்எக்ஸ்100, 2012-ல் வந்த முதல் மாடல், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது?

இணையத்தில் கேட்டால் பாதிப் பேர் "பெரிய சென்சார்தான் ராஜா" (சென்சார் என்பது லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு) என்பார்கள், மீதிப் பேர் "போனே போதும், இரண்டையும் வித்துடு" என்பார்கள். நானே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தேன். முதல் தடவை டி90 தோற்றது. அதை விற்கக்கூட பேசிவிட்டேன். சந்தேகத்தில் மறுபடி சோதித்தபோது சோனி தோற்றது. இரண்டுமே கேமராக்களின் தப்பு இல்லை, என் தப்பு. மூன்றாவது தடவைதான் ஒழுங்காக வந்தது. அந்த மூன்றாவது தடவையைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களிடம் வேறு மாடல்கள் இருந்தாலும் முறை இதேதான். ஐஎஸ்ஓ, ஷட்டர், அப்பர்ச்சர் என்றால் என்ன, எம் மோடுக்கு எப்படிப் போவது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் உடம்பைப் பாருங்கள்

பழைய கேமராவுக்கு வயசு மட்டும் இல்லை, வியாதியும் இருக்கும். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை. பெங்களூரு மழைக்காலத்தில் தோல் பைக்குள் வைத்துப் பூட்டினால் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் சிபாரிசு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் நாலு சிலிக்கா ஜெல் பாக்கெட்டும். அழகான கேமரா பை பயணத்துக்கு மட்டும்.

அடுத்து அப்பர்ச்சரை 16-க்கு (சோனி 11 வரைதான் போகும், அதில் 11) வைத்து வெறும் வானத்தை ஒரு படம். சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் சென்சாரில் தூசி. டிஎஸ்எல்ஆரில் அதைச் சுத்தம் செய்துவிடலாம். பாக்கெட் கேமராவில் லென்ஸ் கழலாது, பிரித்துத்தான் ஆக வேண்டும், பிரித்துப் பழையபடி சேர்க்கிற ஆள் கிடைப்பது கஷ்டம்.

டி90 மெனுவில் பேட்டரி விவரம் என்று ஒன்று உண்டு, பேட்டரியின் வயசை 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் ஆயுள் முடிந்தது, வேறு பேட்டரி வாங்க வேண்டியதுதான். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பதை எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் சொல்லும், ஆனால் கேமராவிலிருந்து நேராக வந்த ஃபைலைக் கொடுக்க வேண்டும், வாட்ஸப்பில் வந்த படத்தைக் கொடுத்தால் ஒன்றும் வராது. டி90 ஷட்டரை 1,00,000 தடவை சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. என்னுடையது 41,000-ஐத் தாண்டியிருந்தது, பரவாயில்லை.

பின்சேர்க்கை: "டி90-ல கார்டே எடுக்க மாட்டேங்குது" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இருவரும் போட்டது 64 ஜிபி கார்டு. அந்தக் காலக் கேமரா 32 ஜிபி வரைதான். எஸ்.பி. ரோட்டில் தேடினால் சின்ன கார்டு கிடைக்கும், 8 ஜிபியே தாராளம்.

படி 2: எதைப் படம் எடுப்பது

பூவை எடுக்காதீர்கள், வள்ளுவரையும் எடுக்காதீர்கள். அழகான படத்தில் குறை தெரியாது. நான் வைத்தது தினசரி கிழிக்கிற காலண்டர். அதைவிட நல்ல சோதனை அட்டை உலகத்தில் இல்லை. மேலே தேதி கொட்டை எழுத்தில், கீழே ராகு காலம், எமகண்டம், அதற்கும் கீழே எறும்பு மாதிரி சந்திராஷ்டமம். அந்தக் கடைசி வரியில் ம் மேல் இருக்கும் புள்ளி தெரிகிறதா இல்லையா என்பதுதான் பரீட்சை. பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை (இருட்டான இடத்தில் புள்ளி புள்ளியாக வருவது இதில்தான் தெரியும்), ஒரு முழம் கனகாம்பரம் (அந்த ஆரஞ்சு நிறத்தில் பல கேமராக்கள் திணறும்), ஜரிகை வைத்த துண்டு ஒன்று. வெளிச்சத்துக்குக் கூடத்து எல்இடி பல்ப் ஒன்று மட்டும். பகல் வெளிச்சத்தில் இரண்டு கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும், அதில் சோதிக்க ஒன்றுமில்லை.

ட்ரைபாட் இல்லையென்றால் வாங்க வேண்டாம், அதுவும் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒல்லிக்கால் ட்ரைபாடை நம்பி டிஎஸ்எல்ஆரை ஏற்றவே வேண்டாம். துவரம்பருப்பு ஒரு கிலோவைத் துணிப்பையில் போட்டு ஸ்டூல் மேல் வைத்து, கேமராவை அதில் அழுத்தி உட்கார வையுங்கள். அசையாது. பருப்பும் வீணாகாது.

படி 3: செட்டிங். நான் முதலில் விழுந்த குழி இங்கேதான்

இரண்டிலும் எம் மோடு, ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிப்பது), 2 விநாடி டைமர். கை நடுக்கத்தைச் சமாளிக்கிற வசதியை இரண்டிலும் அணைத்துவிடுங்கள், டி90-ல் லென்ஸிலேயே பட்டன், சோனியில் மெனுவுக்குள். ஃபோகஸுக்கு டி90-ல் லைவ் வியூவை (பின்பக்கத் திரையிலேயே காட்சியைப் பார்க்கும் வசதி) போட்டு, காலண்டர் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். இரண்டு கேமராவிலும் தேதி, மணியை ஒன்றாக வையுங்கள். காரணம் அப்புறம் சொல்கிறேன்.

இப்போது குழி. முதல் சனிக்கிழமை இரண்டிலும் ஐஎஸ்ஓ 800 என்று வைத்தேன், ஷட்டர், அப்பர்ச்சர் எல்லாம் ஒன்றே. டி90 படங்கள் பளிச்சென்று, ஆனால் ரவையைத் தூவியது மாதிரி வந்தன. சோனி கொஞ்சம் இருட்டு, ஆனால் சுத்தம். "பழைய சென்சார், அவ்வளவுதான்" என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். எல்லாம் ஒன்றாக வைத்திருக்கும்போது ஒன்று மட்டும் எப்படிப் பளிச்சென்று வரும் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அடுத்த வாரம் வாங்க வருகிறவருக்காகப் படங்களைத் திறந்து வைத்தபோதுதான் ஃபைல் விவரத்தில் ஐஎஸ்ஓ 3200 என்று இருந்தது கண்ணில் பட்டது. என்னவென்றால், நிக்கானில் ஆட்டோ ஐஎஸ்ஓ என்று ஒரு மெனு தனியாக இருக்கிறது. அதை என்றோ ஒரு கல்யாண வீட்டில் போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். அது எம் மோடிலும் சும்மா இருக்காது, நீங்கள் 800 என்று வைத்தாலும் வெளிச்சம் பத்தவில்லை என்றால் தானாக ஏற்றிவிடும். வ்யூஃபைண்டரில் ஒரு ஓரமாக மினுக்கிக் காட்டும், ஆனால் நான் பார்த்ததோ லைவ் வியூ திரையை. முதல் படம் எடுத்ததும் ஃபைல் விவரத்தைத் திறந்து நீங்கள் வைத்த எண்தான் அங்கேயும் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்க வந்தவரிடம் காபி கொடுத்து மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன்.

பின்சேர்க்கை: "ஒரே செட்டிங், ஒரே கேமரா, ஆனா ஒரு படம் வெளிச்சமா, அடுத்தது மங்கலா வருது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் வைத்தது 1/250 விநாடி. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விலை மலிவான எல்இடி பல்ப் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். 1/50 வைத்தால் இரண்டு முழுச் சுற்று உள்ளே வந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது. கீழே எல்லாமே 1/50-தான்.

படி 4: மூன்று ஜோடிப் படங்கள்

விதி ஒன்றுதான். இரண்டு லென்ஸையும் முழுசாகத் திறந்துவிட்டு, ஷட்டரை 1/50-ல் நிறுத்தி, படங்கள் ஒரே வெளிச்சத்தில் வரும்வரை ஐஎஸ்ஓவை மட்டும் மாற்றுங்கள். நிஜ வாழ்க்கையில் வெளிச்சம் குறைந்த இடத்தில் எல்லோரும் செய்வது இதைத்தான்.

முதல் ஜோடி, ஜூம் செய்யாமல். டி90-ல் 18-105 கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்த்தே விற்கும் லென்ஸ்), அதன் பெரிய திறப்பு எஃப் 3.5. சோனியில் எஃப் 1.8. என் கூடத்தில் டி90 கேட்டது ஐஎஸ்ஓ 3200, சோனிக்கு 800-ஐ ஒட்டியே போதும். கணக்கு இப்படி: 3.5-க்கும் 1.8-க்கும் நடுவில் வெளிச்சம் கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். சென்சாரைப் பார்த்தால் டி90-ல் 23.6 x 15.8 மில்லிமீட்டர், சோனியில் 13.2 x 8.8, பரப்பளவில் மூன்று மடங்குக்குச் சற்று மேல். அதாவது பெரிய சென்சார் சம்பாதித்ததை எல்லாம் கிட் லென்ஸ் செலவழித்துவிடுகிறது. பின்னணி மங்கலாவதிலும் இதே கதைதான், இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

இரண்டாவது ஜோடி, சோனியை ஜூமின் கடைசிவரை தள்ளி, டி90-ஐ அதே அளவு காட்சி வரும்படி 67 மில்லிமீட்டர் வாக்கில் வைத்து. ஜூமை நகர்த்தியதுமே சோனியின் 1.8 கைவிட்டுப் போகும், கடைசியில் 4.9. டி90-லும் ஏறக்குறைய 5. லென்ஸில் யாருக்கும் லாபம் இல்லை, இப்போது சென்சார் மட்டும்தான் பேசும், டி90 ஜெயிக்கும்.

மூன்றாவது ஜோடிக்கு டி90-ல் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ். 2009-ல் வந்தது, கையளவு, ஜூம் கிடையாது. இதைப் போட்ட பிறகு போட்டி என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. குடையின் மடிப்புகூட தெரிந்தது. பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருந்து கிட் லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, கேமரா பாடியை மாற்றாதீர்கள், இந்த மாதிரி ஒரு லென்ஸைப் பழசில் தேடுங்கள்.

படி 5: கம்ப்யூட்டரில் பார்ப்பது. இரண்டாவது குழி

படங்களை இறக்கும்போதே தனித்தனி ஃபோல்டர். நிக்கான் ஃபைல் பெயரும் டிஎஸ்சி என்று தொடங்கும், சோனியுடையதும் அப்படியே, நடுவில் ஒரு கீழ்க்கோடுதான் வித்தியாசம். நான் கலந்துவிட்டு அரை மணி நேரம் எது யாருடையது என்று விழித்தேன். தேதி, மணியை ஒன்றாக வைக்கச் சொன்னது இதற்குத்தான், மணிப்படி அடுக்கினால் ஜோடி ஜோடியாக வந்து நிற்கும். மென்பொருளில் டார்க்டேபிள் எனக்குப் பிடிக்கும். இலவசம், இரண்டு கம்பெனி ரா ஃபைலையும் திறக்கும். நீங்களாகச் சொல்லாமல், இருட்டில் வரும் ரவைப் புள்ளிகளை அது அழிக்காது. ஜேபெக்கில் ஒப்பிடாதீர்கள். கேமரா தானாகத் தேய்த்துவிடும், குடைத்துணி ஈரச்சுவர் மாதிரி வழவழவென்று வரும், "ஆஹா சுத்தம்" என்று ஏமாறுவீர்கள்.

இரண்டாவது சனிக்கிழமை இத்தனையும் சரியாகச் செய்தேன், பிறகு இரண்டு படத்தையும் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் ஜோடியிலேயே சோனி ரவையாகத் தெரிந்தது. "அப்பாடா, விற்காமல் விட்டது நல்லதாப் போச்சு" என்று தூங்கப் போனேன். ஆனால் டி90 படம் 4288 x 2848 பிக்சல், சோனியுடையது 5472 x 3648. இரண்டையும் 100 சதவீதத்தில் திறந்தால் சோனி படத்தைக் கால்வாசிக்கும் மேலாகக் கூடுதலாகப் பெருக்கிப் பார்க்கிறேன் என்று அர்த்தம். ஒரு காலண்டரை வெறும் கண்ணாலும் இன்னொன்றை பூதக்கண்ணாடியாலும் பார்த்துவிட்டு, இரண்டாவதில் அச்சு சரியில்லை என்பது மாதிரி. காலையில் பல் தேய்க்கும்போது புரிந்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: டார்க்டேபிளில் ஏற்றுமதி செய்யும் இடத்தில் அகலம் 4288 என்று இரண்டுக்கும் கொடுங்கள். இரண்டுமே 3:2 விகிதம், அதனால் வெட்ட வேண்டியதில்லை. உங்கள் பாக்கெட் கேமரா 4:3 என்றால் உயரத்தைச் சமமாக வையுங்கள். இப்போது பக்கத்தில் பக்கத்தில் திறந்தால் முதல் ஜோடியில் சந்திராஷ்டமத்தின் புள்ளி இரண்டிலும் தெரிந்தது, சோனியில் ஒரு இழை கூடுதலாகக்கூட. இரண்டாவது ஜோடியில் சோனியில் அது கரைந்துபோயிருந்தது. மூன்றாவதைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

படி 6: வெளியே எடுத்துப் போங்கள்

கூடத்துச் சோதனை பாதிதான். டி90-ஐ ஆன் செய்த கணமே படம் எடுக்கலாம், சோனியின் மூக்கு வெளியே நீண்டு வருவதற்குள் ஆட்டோ கிளம்பிவிடும். மத்தியான வெயிலில் ஏரிக்கரையில் சோனியின் திரையில் என் முகம்தான் தெரிகிறது, இந்த மாடலில் வ்யூஃபைண்டரும் கிடையாது. பேட்டரி டி90-க்கு 850 படம், சோனிக்கு 330 என்பது கம்பெனிக் கணக்கு. இன்னொரு பக்கம், டி90-யும் கிட் லென்ஸும் சேர்ந்தால் ஒரு கிலோவுக்கு மேல், சோனி 240 கிராம். சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்கு இரவில் அந்த நெரிசலில் ஒரு கையை மட்டும் உயர்த்தி சோனியில் எடுத்ததுதான் வீட்டில் மாட்டியிருக்கிறது. டி90 அன்றைக்கு வீட்டு டப்பாவுக்குள். ஒரு வாரம் இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் போய், எதில் எத்தனை படம் எடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பலரும் கேட்பதால்: அக்கா மகள் காலண்டர் படம் எதையும் பார்க்கவில்லை, கைப்பையில் அடங்குகிறது என்று சோனியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சார்ஜ் செய்யும் வயரை மட்டும் இங்கேயே விட்டுவிட்டாள். அது பழைய மைக்ரோ யுஎஸ்பி, அவள் ஹாஸ்டலில் யாரிடமும் இல்லையாம். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.